ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் கிறிஸ்துமஸ்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மழைத்துளி:
கிறிஸ்துமஸ் காலை. வாசலில் நல்ல கூட்டம். மற்ற மணிகளோடு பெரிய மணியும் சேர்ந்துகொண்டது. 'தடித்த பீட்டர்' என்பார்களே, 24 டன், அதுதான். பக்கத்தில் ஒரு முதியவர் மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மணி ஓயும்வரை அந்தக் குளிரில் அப்படியே நின்றார். இரண்டாம் உலகப் போரில் 14 குண்டுகள் விழுந்தும் நிமிர்ந்து நின்ற கோயில் இது. அந்த வயதுக்காரருக்கு அந்த மணி எதை நினைவூட்டியதோ! கேட்க எனக்கு ஜெர்மன் வராது. இன்னும் அவர் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

கரையோரம்:
எனக்கு மூவரசர் பேழை, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர்களின் எலும்புகள் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, அதுதான். ஜனவரி 6 திருக்காட்சித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். அன்று பேழையின் முன்பக்கத் தகட்டை எடுத்துவிடுவார்கள் அல்லவா, உள்ளே மண்டையோடுகள் தெரிந்தன. குடிலில் ஒட்டகத்தோடு வைக்கிற பொம்மைகளாக மட்டுமே அவர்களைப் பார்த்து வளர்ந்தவள் என் மகள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நெசமாவே இவங்கதானா?" என்றாள். என்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

தெற்குவாசல்:
@கரையோரம், அவை கொலோனுக்கு வந்த கதையையும் மகளிடம் சொல்லுங்கள். பேரரசர் பார்பரோசா இத்தாலியின் மிலான் நகரை வீழ்த்திய பிறகு, 1164இல் கொலோன் பேராயர் ரைனால்ட் அங்கிருந்து கொண்டுவந்தவை. போர்க்கொள்ளை என்றுதான் நான் சொல்வேன். பேழை முன்னால் மண்டியிட்டபோது எனக்கு ஜெபமே வரவில்லை, மிலான் மக்கள்தான் நினைவில் வந்தார்கள்.

கரையோரம்:
கொள்ளை இல்லை என்று நான் சொல்லவில்லையே. ஆனால் அந்த எலும்புகளைத் தேடி வந்த யாத்திரிகர் கூட்டம் இல்லாவிட்டால் 1248இல் இவ்வளவு பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டிருப்பார்களா? முடிக்க 1880 ஆனது. அத்தனை தலைமுறையின் பக்தியையும் ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. பிற்காலத்தில் ஒரு பகுதியை மிலானுக்குத் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வடக்குச்சன்னல்:
சிவப்பு அங்கிக் காவலர் என்னை உள்ளே விடவில்லை, திருப்பலி நடக்கிறது என்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் பாடகர் குழுவின் குரல் மட்டும் கேட்டது. அழுகையே வந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபிக்கப் போகிறீர்கள் என்றால் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஆண்கள் உள்ளே தொப்பியைக் கழற்ற வேண்டும். தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள், லிஃப்ட் கிடையாது, முட்டிவலி இருந்தால் வேண்டாம். ஏறுகிறவர்கள் நடுவில் மணி மாடத்தில் நின்று அந்தப் பெரிய மணியைப் பாருங்கள். 2007இல் வைத்த, ஓவியர் ரிக்டர் வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்கு வெயில் வேண்டும், மேகமூட்டமான நாளில் அதன் அழகு பாதிதான் தெரியும். அப்புறம், எல்லோரும் பேழைக்கே ஓடுகிறார்கள். வடபக்கம் கேரோ சிலுவை இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு மரச்சிற்பம். குழந்தை பிறந்த நாளில் சிலுவையில் இயேசுவின் அந்தத் தொங்கிய தலையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.