புதுப்பிப்பு: விவாகரத்தான புராட்டஸ்டன்ட் கத்தோலிக்கரை மணப்பது பற்றி

விவாகரத்தான புராட்டஸ்டன்ட் ஒருவர் கத்தோலிக்கரை மணக்க, அவருடைய முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று கத்தோலிக்கத் திருச்சபை முதலில் தீர்ப்பளிக்க வேண்டும் என்று முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். அதற்குப் பலர் கேட்டது ஒன்றுதான்: "முதல் கல்யாணம் கத்தோலிக்கக் கோவிலில் நடக்கவில்லையே, அது எப்படிச் செல்லும்?"

செல்லும். கத்தோலிக்கக் கோவில் முறைப்படிதான் மணக்க வேண்டும் என்ற விதி கத்தோலிக்கரை மட்டுமே கட்டுப்படுத்தும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற இரு புராட்டஸ்டன்ட்டுகளின் திருமணம் செல்லுபடியானது என்றே திருச்சபைச் சட்டம் (பிரிவு 1060) கொள்கிறது. கோர்ட் தீர்ப்பு அதை முறிக்காது. மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் முழு விசாரணை நடந்தாக வேண்டும். மனுவைக் கத்தோலிக்கரல்லாதவரே போடலாம். திருச்சபைச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின், முதல் தீர்ப்பை உறுதிசெய்யும் இரண்டாவது தீர்ப்பு கட்டாயமில்லை.

வேறு வழி திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னாள் துணை கத்தோலிக்கராக இருந்து, ஆயரின் விலக்கு இல்லாமல் வேறு சபையில் மணந்திருந்தால், ஆவணங்களே போதும். இருவரில் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் வழக்கு ரோமுக்குப் போகும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை; அதைப் பெற்றவர் திருமுழுக்குப் பெறாதவராகவே கருதப்படுவார். எனவே சான்றிதழோடு, எந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் அந்தச் சபையிடம் எழுதி வாங்குங்கள்.

முன்னாள் துணைக்கு அறிவிப்புப் போவதைத் தவிர்க்க முடியாது. முகவரியை மறைத்தால் வழக்குதான் இழுக்கும். தீர்ப்பு கைக்கு வரும்வரை மண்டபம் பிடிக்காதீர்கள். முதல் மணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், அதில் பிறந்த பிள்ளைகளின் சட்டபூர்வ நிலைக்கு எந்தக் குறையும் வராது (பிரிவு 1137).