தையல் இயந்திரப் பழுதுபார்ப்புத் தொழிலில் கூடுதல் வருமானத்திற்கு எந்த வழியை முதலில் தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கடந்த 11 ஆண்டுகளாகத் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். என்னுடன் ஓர் உதவியாளரும் இருக்கிறார். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் சில மாதங்களில் இரவு வெகுநேரம் வரை பட்டறையில் விளக்கு எரிகிறது, வேறு சில மாதங்களிலோ வாடகை கட்டுவதற்கே சேமிப்பில் கைவைக்க வேண்டியிருக்கிறது.

வருமானத்தைச் சீராக்க நான்கு வழிகளை யோசித்து வைத்திருக்கிறேன்: வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரங்களை வாடகைக்கு விடுவது, புதியவர்களுக்குத் தையல் வகுப்பு, உதிரிபாக விற்பனை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மொத்த வியாபாரி ஒருவர் சொன்னதை நம்பி நூல்கண்டுகளையும் கத்தரிக்கோல்களையும் வாங்கிக் குவித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். அவற்றில் பாதி இன்னும் அலமாரியில் நிறம் மங்கிக் கிடக்கின்றன. ஆகவே இந்த முறை ஆழம் தெரியாமல் காலை விட விரும்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஐயா, நான்கையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம். வணிக உத்தி குறித்து 1957இல் கட்டுரை எழுதிய இகோர் அன்சாஃப், வளர்ச்சிக்கான வழிகளை நான்காகப் பிரித்தார்: இருக்கும் பொருளை இருக்கும் சந்தையிலேயே கூடுதலாக விற்பது, அதே பொருளுக்குப் புதிய சந்தை தேடுவது, இருக்கும் சந்தைக்குப் புதிய பொருளைத் தருவது, பொருளும் சந்தையும் இரண்டுமே புதியவையாக இருப்பது. உங்கள் பட்டியலில் தையல் வகுப்பு இந்தக் கடைசி வகையில் சேரும். உங்களிடம் வருபவர்கள் ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவர்கள். வகுப்புக்கு வரப்போகிறவர்களோ உங்கள் பட்டறையின் பக்கமே வந்திராதவர்கள். அதற்குத் தேவையான கற்பிக்கும் திறனும் பழுதுபார்க்கும் திறனும் ஒன்றல்ல. பராமரிப்பு ஒப்பந்தத்திற்கு ஆளும் அதே ஆள், கைத்திறனும் அதே கைத்திறன். எனவே நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன் உங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 3 முறை என்றால் 120 வருகைகள். போக்குவரத்தையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரம் என்று வைத்தால் 240 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்ற கணக்கில் முழுதாக 30 நாட்கள். நீங்களும் உதவியாளரும் மட்டுமே உள்ள பட்டறையில் இந்த 30 நாட்களும் மந்தமான மாதங்களில் விழும்படி வருகைகளை முன்கூட்டியே தேதியிட்டு அமைத்தால்தான் ஒப்பந்தத்தால் பலன் உண்டு. வேலை நெருக்கும் மாதங்களில் விழுந்தால் இருக்கும் தொழிலே தடுமாறி முதலுக்கே மோசமாகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பந்தம் என்றவுடன் முதலில் ஓடிவருபவர்கள் அடிக்கடி பழுதாகும் இயந்திரத்தை வைத்திருப்பவர்களாகவே இருப்பார்கள். ஆகவே ஊசித்தட்டைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எந்த இயந்திரத்தையும் சேர்க்காதீர்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் பஞ்சும் நூல்தூசும் அடைந்து கம்பளி போல இறுகியிருந்தால், அதைச் சுத்தம் செய்வதற்கான கூலியைத் தனியாக வாங்கிய பிறகே ஒப்பந்தத்தைத் தொடங்குங்கள். உதிரிபாகங்களின் விலை ஒப்பந்தத்தில் அடங்காது என்பதை எழுத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

ஆண்டுத் தொகையை முன்பணமாக வாங்கினால் அதில் மாதத்திற்கு பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டுமே வருமானமாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி, நீங்கள் இன்னும் செய்து முடிக்காத வேலைக்கான கடன். முழுத் தொகையையும் முதல் மாதமே செலவழித்துவிட்டு, பத்தாவது மாதத்தில் ஊதியமில்லாத வேலைக்காக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரிதான். வாடகை பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன், ஏனெனில் அந்த வழியில் 4 ஆண்டுகள் நடந்திருக்கிறேன். வாடகையில் லாபத்தைத் தீர்மானிப்பது, இயந்திரம் மாதத்தில் எத்தனை நாள் வெளியே இருக்கிறது என்பதே. ஆகவே புதிய இயந்திரம் வாங்காமல், பழையதொன்றைச் சீர்செய்து அதை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

வாடகைக்குக் கேட்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது சொந்த இயந்திரம். மொத்தமாகப் பணம் கொடுக்க இயலாததால்தான் வாடகை கேட்கிறார்கள். இந்தத் தொழிலிலேயே அதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. ஐசக் சிங்கரின் நிறுவனம் தையல் இயந்திரங்களைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது 1856இல். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் அவருடைய பங்குதாரர் எட்வர்ட் கிளார்க். சீர்செய்த இயந்திரத்தை நீங்களும் அப்படிக் கொடுக்கலாம். ஆனால் அப்போது நீங்கள் கடன் கொடுப்பவராகவும் ஆகிறீர்கள், நீங்கள் போட்ட முதலீடு மாதக்கணக்கில் அடுத்தவர் வீட்டில் முடங்கிக் கிடக்கும். ஒரே சமயத்தில் 2 இயந்திரங்களுக்கு மேல் தவணையில் விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

மறுமொழி 3

நூல்கண்டில் பட்ட அடியால் உதிரிபாக விற்பனையையே ஒதுக்கிவிட வேண்டாம். வியாபாரி சொன்ன பொருளை வாங்கியதுதான் அங்கே நேர்ந்த தவறு. உங்கள் பழைய பழுதுச் சீட்டுகளை எடுத்து, ஓராண்டில் எந்தப் பாகத்தை எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையில் இரண்டு மாதத் தேவையை மட்டும் வாங்கி வையுங்கள்.

தையல் இடையிடையே விடுபடுகிறது என்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் பல நேரங்களில் ஊசிதான் தவறாக இருக்கும். வீட்டு இயந்திரத்துக்குரிய எச்ஏ×1 ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தொழிற்கூட இயந்திரத்துக்குரிய டிபி×1 ஊசியின் தண்டு முழு உருளையாக இருக்கும். இரண்டையும் அவர்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, சரியானதைப் பொருத்தி, ஒரு பொட்டலம் கையில் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். இதற்குத் தனியாக நேரமும் செலவாகாது, தனி இடமும் தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு சீட்டுகளை எண்ணிப் பார்த்தேன். அடிநூல் சுற்றிய பாபினைத் தாங்கும் உறையும் பெல்ட்டும் மட்டும் மற்ற எல்லாப் பாகங்களையும்விட அதிகமாக மாறியிருக்கின்றன, நானோ அவற்றை ஒவ்வொரு முறையும் வெளியே போய் ஒன்றொன்றாக வாங்கி வந்திருக்கிறேன். முதலில் இவற்றையும் ஊசிகளையும் இருப்பு வைக்கிறேன். ஒப்பந்தத்தை எனக்கு நன்கு அறிமுகமான 10 பேருடன் மட்டும் தொடங்கி, வருகைக்கு ஆகும் நேரத்தை ஒரு நோட்டில் தனியாகக் குறித்து வருவேன். சராசரி 2 மணி நேரத்தைத் தாண்டினால் பதினோராவது ஆளைச் சேர்ப்பதாக இல்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கை இங்கேயே எழுதுகிறேன்.