ஆறு பேர், அதில் நாலு பேர் சண்டைக்காரர்: பார்ட்டி சரிவருமா?

கல்லடிக்காரன்

டிசம்பர் லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இந்த முறை அவர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு நடத்தலாம் என்று இருக்கிறேன். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டி, மேசையில் கதையாக விளையாடுகிற கேம். இலவசமாகக் கிடைக்கிற எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதிகளைப் போனில் இறக்கி வாசித்தாயிற்று. டைஸ் ஒரு செட் இருக்கிறது. கதையையும் எதிரிகளையும் நடத்துகிற டி.எம். நான்தான்.

விளையாட ஆறு பேர், ஆளுக்கு ஒரு கிளாஸ், அதாவது கதாபாத்திரத்தின் தொழில். மாமாவின் மகன்மார் இரண்டு பேரும் ஃபைட்டர் (போர்வீரன்). பக்கத்து வீட்டு நண்பன் பார்பேரியன் (முரட்டு வீரன்). சின்னம்மாவின் மூத்த மகன் பலடின் (தெய்வ சக்தியுள்ள வீரன்), அடுத்தவன் விசார்ட் (மந்திரவாதி). கடைசித் தங்கச்சிக்கு 11 வயது, அவள் பதுங்கி அடிக்கிற ரோக்தான் வேணும் என்று நிற்கிறாள். பெரிய பொடியன்கள் விடுகிறார்கள் இல்லை. "எல்லாரும் அடிக்கப் போனால் யார் மருந்து போடுவது, நீ கிளெரிக் எடு" என்று போனிலேயே சண்டை. அவள் இப்போது வரவே மாட்டேன் என்கிறாள்.

ஆறு பேர் கூடுதலா? கிளெரிக் இல்லாமல் ஒரு பார்ட்டி, அதாவது சேர்ந்து போகும் குழு, தாக்குப் பிடிக்குமா? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை ரூம்

நாலு பேர்தான் சரியான அளவு. பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் கேமை எடுத்துப் பாருங்கள், பார்ட்டிக்கு நாலு பேர். 1998இல் வந்த முதல் பாகத்தில் ஆறு பேர் வரை கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் ஆறு பேரையும் கவனிப்பதே பெரிய வேலை. முன்னுக்கு நிற்க ஒருவர், ஹீல் பண்ண ஒருவர், மந்திரத்துக்கு ஒருவர், பூட்டுத் திறக்க ஒருவர். இது எல்லா கேமுக்கும் பொது. கிளெரிக் இல்லாமல் போகாதீர்கள். தங்கச்சியைச் சமாளித்து எடுக்க வையுங்கள், விளையாடத் தொடங்கினால் பிடித்துவிடும்.

எழுவான்கரை

தம்பி, முதலில் அந்தப் பிள்ளையை ரோக் ஆகவே விளையாட விடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வந்தாறுமூலைத் தம்பி சொல்வது கம்ப்யூட்டரில் தனியே விளையாடும்போது சரி. அங்கே நாலு பேரையும் ஒரே ஆள்தான் ஓட்டுகிறார். கிளெரிக் சலித்தால் அடுத்த நிமிடம் விசார்டைப் பிடிக்கலாம். நூறு தங்கக்காசு கொடுத்தால் கிளாஸையே மாற்றித் தர அதில் ஓர் ஆள் இருக்கிறார். மேசையில் அப்படி இல்லை. லீவு முழுக்க அவளிடம் இருக்கப் போவது அந்த ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் விரும்பியதை எடுக்க, வயதில் சின்னவள் என்பதற்காக மிச்சம் இருந்ததை அவள் தலையில் கட்டினால், அவள் விளையாடப் போவது அண்ணன்மாரின் கேம், அவளுடைய கேம் இல்லை. நான் களுவாஞ்சிகுடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசை நடத்துகிறேன். எங்கள் பொடியன்கள் என்னை டி.எம். என்று சொல்வதில்லை, கூத்து ஆசிரியரைச் சொல்வதுபோல அண்ணாவியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் ஒருத்தர் ஏன் தொடர்ந்து வருகிறார், ஏன் நிற்கிறார் என்பதை நான் கவனித்து வருகிறேன். விருப்பமில்லாத கிளாஸைப் போல ஆளை விரட்டுவது வேறொன்றும் இல்லை.

சரி, இப்போது கிளெரிக் விஷயம். ஐந்தாம் பதிப்பில் ஹீலிங் என்பது அடிவாங்க வாங்க நிரப்பிக்கொண்டே இருக்கும் வேலை இல்லை. அப்படி நிரப்பினாலும் எதிரியின் அடிக்கு ஈடு கட்டாது. முக்கியமானது, ஹிட் பொயின்ட் என்கிற உயிர்ப் புள்ளி பூச்சியத்துக்கு வந்து விழுந்தவரை எழுப்புவது. அதற்குக் கிளெரிக்தான் வேணும் என்றில்லை. ஹீலிங் வேர்ட் என்ற ஸ்பெல் (மந்திரம்) பாட்டுக்காரக் கிளாஸான பார்டுக்கும், இயற்கை மந்திரக் கிளாஸான ட்ரூயிடுக்கும் இருக்கிறது. அறுபது அடி தூரத்தில் இருந்தே போனஸ் அக்‌ஷனாகப் போடலாம், போட்ட கையோடு அடிக்கவும் செய்யலாம். உங்கள் பலடினிடம் முதல் லெவலிலேயே கை வைத்துக் குணமாக்க 5 பொயின்ட் இருக்கிறது, லெவல் ஏற ஏற ஐந்து ஐந்தாகக் கூடும். ஐந்தையும் ஒரே ஆளுக்குக் கொட்ட வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். ஒரு பொயின்ட் போதும், விழுந்தவர் எழும்பிவிடுவார். ஹீலர்ஸ் கிட் 5 தங்கக்காசு, பத்துத் தடவை பாவிக்கலாம், விழுந்தவரைச் சாகாமல் நிறுத்த டைஸ்கூட உருட்டத் தேவையில்லை. ஹீலிங் போஷன் 50 தங்கக்காசு, இரண்டு நாலுபக்க டைஸ், அதோடு 2. முதல் குகையிலேயே இரண்டு போத்தலை ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நடத்துவது நீங்கள், உங்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் மேசையிலும் கிளெரிக் கிடையாது. போன மழைக்காலத்தில் ரேஞ்சர் பூச்சியத்துக்கு வந்து விழுந்தார். விழுந்தவர் பிழைக்க உருட்டும் டெத் சேவ் இரண்டு தோற்றாயிற்று, இன்னும் ஒன்று தோற்றால் ஆள் முடிந்தது. பார்ட் கையில் ஸ்பெல் ஒன்றும் மிச்சமில்லை. ரேஞ்சர் விளையாடுகிறவர் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருக்கிறார், யாரும் தேத்தண்ணியைத் தொடவில்லை. உருட்டினார், இருபது விழுந்தது. இருபது விழுந்தால் ஒரு ஹிட் பொயின்ட்டோடு எழும்பலாம். அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நல்ல கிளெரிக் ஒருவர் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த இரவே கிடைத்திருக்காது.

இரண்டு ஃபைட்டர் இருப்பதும் பிழை இல்லை. ஒருவனுக்கு வில்லைக் கொடுங்கள், மற்றவனுக்கு வாளும் கேடயமும். முன்வரிசை நிறைய இருப்பது தங்கச்சிக்கு நல்ல காலம். எதிரிக்குப் பக்கத்தில், ஐந்து அடிக்குள், தன் ஆள் ஒருவர் நின்றாலே ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி கிடைத்துவிடும். பெரிய பொடியன்கள் முன்னுக்குப் போய் நிற்க, கூடுதலாக அடிக்கப் போவது அவள். இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள், தாங்களே பார்க்கட்டும்.

ஆள் எண்ணிக்கைக்கு வருவோம். ஆறு பேரில் சிக்கல் பலம் இல்லை, காத்திருப்பு. ஒருவர் மூன்று நிமிடம் யோசித்தால் ஒரு சுற்றுக்குப் பதினெட்டு நிமிடம், நீங்கள் ஓட்டும் கோப்ளின்களும் (குட்டி அரக்கர்கள்) சேர இருபது தாண்டும். 11 வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் நீளம். ஒருவர் விளையாடும்போதே "அடுத்தது நீ, யோசித்து வை" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஸ்பெல்லைத் தேடிப் போனைத் தடவுகிறவருக்காக நிற்காதீர்கள், அடுத்தவருக்குப் போய்விட்டு அவரிடம் திரும்பி வாருங்கள். வருடம் முழுக்க நடத்துகிற மேசை என்றால் ஐந்து பேரைச் சேர்க்கச் சொல்வேன். எங்களில் ஒருவர் படுவான்கரைக்காரர், வேளாண்மை வெட்டு வந்தால் வாவியைத் தாண்டி வரமாட்டார். அவர் இல்லாமலும் நாலு பேர் இருப்போம், கேம் ஓடும். உங்களுக்கு லீவு, எல்லோரும் ஒரே வீட்டில். ஆறு பேரையும் வைத்து நடத்துங்கள். யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

சம்மாந்துறையான்

கிளாஸ் பற்றி எழுவான்கரை அண்ணன் சொன்னதில் எனக்கும் வேறு கருத்தில்லை. எண்ணிக்கையில் மட்டும் நான் வேறு பக்கம். முதல் தடவை நடத்துகிறவருக்கு ஆறு கடினம். நான் என்றால் மூன்று மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காலையில், மற்றதுக்குப் பின்னேரம் நடத்துவேன். ஒரே குகைக்குள் இரண்டு வாசலால் போகட்டும், கடைசிச் சண்டையில் சந்திக்கட்டும்.

இன்னொன்று. சண்டை மட்டும் கேம் இல்லை. வாசல் காவலாளியிடம் யார் பேசுவது, பழைய எழுத்தை யார் வாசிப்பது என்று பாருங்கள். பலடினுக்குக் கரிஸ்மா, அதாவது பேச்சுக் கவர்ச்சி, இருக்கும், விசார்டுக்குப் படிப்பு இருக்கும், அதனால் நீங்கள் தப்பினீர்கள். அப்புறம், எஸ்ஆர்டி 5.1 ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், நீங்களே தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுக்கலாம். ஆளுக்கு ஒரு தாள், அவரவர் கிளாஸ் மட்டும். பிள்ளைகள் போனைப் பார்க்கும் நேரம் பாதியாகும்.

கல்லடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லோரையும் ஒரே கோலில் எடுத்து, அவரவர் கேட்ட கிளாஸ் அவரவருக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். தங்கச்சி வருகிறாள். அவளுடைய ரோக்குக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள், யாரிடமும் சொல்ல மாட்டாளாம்.

ஹீலிங் வேர்ட் விஷயத்தைச் சொன்னதும் மாமாவின் இளைய மகன் பார்ட் பற்றிக் கேட்கத் தொடங்கினான். அவன் பள்ளிக்கூடக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன். பார்டுக்கு மூன்று வாத்தியம் தெரியும், அதில் மத்தளமும் இருக்கலாம் என்றதும் ஃபைட்டரைத் தானே விட்டுவிட்டான். நான் ஒரு சொல்லும் வற்புறுத்தவில்லை. ஆக ஃபைட்டர், பார்பேரியன், பலடின், ரோக், விசார்ட், பார்ட். ஆறு பேரையும் சேர்த்தே நடத்தப் போகிறேன், தாள்களைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

முதல் சண்டைக்கு நாலு கோப்ளின் வைத்தால் பிள்ளைகள் செத்துப்போவார்களா?

எழுவான்கரை

மத்தளத்தோடு பார்ட்! கேட்கவே சந்தோசம்.

2014 டி.எம். கைந்நூல் கணக்குப்படி சொல்கிறேன். ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), நாலுக்கு 200. நாலு பேர் பார்ட்டி என்றால் எதிரிக் கூட்டத்துக்காக இரண்டால் பெருக்கி 400, முதல் லெவலில் அது உயிராபத்துக் கணக்கு. ஆறு பேர் என்பதால் பெருக்கம் ஒன்றரைக்கு இறங்கி 300 வரும். ஆளுக்கு 50 படி ஆறு பேருக்கு அது நடுத்தரச் சண்டை. விசார்டிடம் ஸ்லீப் ஸ்பெல் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து எட்டுப்பக்க டைஸ் சராசரியாக இருபத்திரண்டு வரும், கோப்ளினுக்கு ஹிட் பொயின்ட் ஏழு, மூன்று நித்திரையாகிவிடும்.

ஆனால் நாலையும் ஒருவர் மேலேயே ஏவாதீர்கள். கோப்ளின் ஓர் அடிக்கு எட்டு வரை போடும், முதல் லெவல் விசார்ட் அதிலேயே விழலாம். இரண்டு கிட்ட வரட்டும், இரண்டு மரத்துக்குப் பின்னால் நின்று அம்பு விடட்டும். மரத்துக்குப் பின்னால் நிற்கிறதைத் தேடிப் போகிற வேலையைத் தங்கச்சிக்கு விடுங்கள்.