ஷிஆன் பள்ளிவாசல்: விரும்பிக் கட்டினார்களா, வேறு வழியில்லாமலா?

ஊர்சுற்றி:
சீனாவில் ஷிஆன் பெரிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். குவிமாடம் இல்லை, நாம் பார்த்துப் பழகிய மினாரா இல்லை. மரத்தால் ஆன அலங்கார வளைவு, முற்றம் தாண்டினால் இன்னொரு முற்றம், நீலப்பச்சை ஓடு, மினாரா நிற்க வேண்டிய இடத்தில் எண்கோண மாடம். அரபு எழுத்து கண்ணில் படும்வரை பௌத்தக் கோயில் என்றே நினைப்பீர்கள். 742இல் கட்டியதாகக் கல்வெட்டே இருக்கிறது. இரண்டு பண்பாடுகள் சண்டையில்லாமல் கலந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழையசெங்கல்:
அந்தக் கல்வெட்டை நம்பிப் பேசாதீர்கள். சுயி வம்சத்தின் கைஹுவாங் ஆண்டுகளிலேயே இஸ்லாம் சீனாவுக்கு வந்துவிட்டது என்கிறது அது. அந்த ஆண்டுகள் 600இல் முடிந்துவிட்டன, நபிக்கு முதல் வஹீ, அதாவது இறைச்செய்தி, வந்ததே 610 வாக்கில். பின்னாளில் யாரோ பழமை ஏற்றுவதற்காகச் செதுக்கியது என்றுதான் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இப்போது நிற்கும் பள்ளிவாசலின் தொடக்கம் 1392, அதாவது மிங் வம்சக் காலம். அந்த மிங் அரசுதான் வந்தவுடனே அந்நிய உடைக்கும் பெயருக்கும் தடை போட்டது, மங்கோலியரும் மேற்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கக் கூடாது என்று சட்டமும் வைத்தது. அந்த நிலையில் குவிமாடம் கட்டு என்றால் எவன் கட்டுவான்?

கடலோடி:
சட்டம் இருந்தது, சரி. ஆனால் பாய், கட்டடத்தையும் கொஞ்சம் பாருங்கள். சீன அரண்மனையோ கோயிலோ வழக்கமாகத் தெற்கு பார்த்து நிற்கும். இங்கே மொத்த வளாகமும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது, கடைசியில் தொழுகைக்கூடம், தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, கிப்லா, அந்தப் பக்கம்தான். அப்புறம் கூரை. சீன மரக்கட்டடம் அகலமாக விரியும், உள்ளே ஆழம் போகாது. ஆயிரம் பேர் தொழுவதற்கு அது போதாது என்று ஒரு கூரைக்குப் பின்னால் இன்னொன்றாக ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே மரப்பலகைகளில் குர்ஆன் செதுக்கியிருக்கிறது. பயந்து ஒளிந்தவன் வேலையா இது?

பழையசெங்கல்:
வெளியே சீனம், உள்ளே குர்ஆன் என்றால் அது என் கட்சிக்குத்தானே வலு! குவான்ஜோவ் துறைமுகத்தைப் பாருங்கள். அங்கே சிங்ஜிங் பள்ளிவாசல் 1009 வாக்கில் எழுந்தது, கருங்கல், கூர்வளைவு வாசல், அரபுக் கல்வெட்டு, எல்லாமே அரபு நாட்டுச் சாயல். மிங்குக்கு முந்தைய சுங் வம்சக் காலத்தில் முடிந்தது மிங் காலத்தில் ஏன் முடியவில்லை?

கடலோடி:
குவான்ஜோவில் கட்டியவர்கள் கடல் வணிகர்கள். (அதே ஊரில் நம் ஆட்களும் கோயில் கட்டி 1281இல் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். வணிகன் தன் ஊர்ப் பாணியைக் கூடவே கொண்டு போவான்.) ஷிஆனில் இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து சீனம் பேசி வளர்ந்த ஹுவேய் என்ற சீன முஸ்லிம் மக்கள், தச்சர்களும் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு அது அந்நியப் பாணியே இல்லை, சொந்த வீட்டுக் கூரை எப்படி இருந்ததோ அப்படித்தான் பள்ளிவாசலையும் கட்டியிருப்பார்கள்.

ஊர்சுற்றி:
தொழுகைக்கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை விடுவதில்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. நீங்கள் சொல்லும் பலகைகளை நான் பார்க்கவில்லை.

பழையசெங்கல்:
இந்த "அழகான கலப்பு" பேச்சு யாருக்கு உதவுகிறது என்று யோசியுங்கள். 2018இல் நிங்சியாவின் வெய்ஜோவில் பள்ளிவாசலை இடிக்கப் போகிறார்கள் என்று ஊரே திரண்டு உட்கார்ந்தது. யுன்னானில் ஷாதியான் பெரிய பள்ளிவாசலின் குவிமாடத்தை எடுத்துவிட்டுச் சீனக் கூரை வைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் ஷிஆன் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதானே அரசின் சாக்கு?

கடலோடி:
ஷாதியானில் மக்கள் தாங்களே விரும்பி எழுப்பிய குவிமாடத்தை அரசு வந்து இறக்கியது. ஷிஆனில் யாரும் எதையும் இறக்கவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் ஹுவேய் மக்கள் சுயமாக எதையுமே தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள் என்று ஆகிவிடும், அரசு சொல்வதும் அதைத்தான்.

பழையசெங்கல்:
இறக்க வேண்டிய தேவையே வராதபடி 1392க்கு முன்பே சட்டம் பார்த்துக்கொண்டது என்கிறேன் நான்.