பாலக்கோட்டு மாடி அறைக்கு டவர் கூலரா, லிக்விட் கூலரா? பழைய கேபினட்டில் எது பொருந்தும்?

பாலக்கோடு மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் விளையாடுவதற்கான கணினியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். ரைசன் 5 7600எக்ஸ் பிராசசரும் பி650 மதர்போர்டும் வாங்கிவிட்டேன்; கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. இந்தப் பிராசசரின் பெட்டியில் கூலர் (அதன் சூட்டை வெளியேற்றும் சாதனம்) வராது என்பதை வாங்கிய பிறகுதான் கவனித்தேன். முன்பு ரைசன் 5 3600க்குப் பயன்படுத்திய டவர் கூலர் (உலோகத் தகடுகளை அடுக்கி ஃபேன் வைத்த வகை) ஒன்று கையில் இருக்கிறது. ஏஎம்4, ஏஎம்5 (பிராசசர் உட்காரும் பழைய, புதிய சாக்கெட்டுகள்) இரண்டுக்கும் கூலர் மாட்டும் துளை இடைவெளி ஒன்றுதான், அதையே மாட்டிக்கொள்ளலாம் என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் சொன்னார்கள். தர்மபுரியில் இன்னொரு கடையிலோ, நம் பக்கத்து வெயிலுக்கு 240 மி.மீ. லிக்விட் கூலர் (பம்ப் வைத்துத் திரவத்தை ஓட்டி, ஃபேன் உள்ள ரேடியேட்டரில் ஆறவைக்கும் வகை) போடாமல் முடியாது என்கிறார்கள்.

கணினி இருப்பது மாடி அறையில். சித்திரையில் மாலை ஐந்து மணிக்கும் அறைக்குள் 37 டிகிரி காட்டுகிறது, ஏசி இல்லை. கேபினட் பழையது, கூலரின் உயரம் 158 மி.மீ. வரை இருக்கலாம் என்று அதன் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. ரேம் விளக்கு எரியும் வகை, 44 மி.மீ. உயரம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர் தளி ரோடு

தம்பி, தர்மபுரிக் கடைக்காரர் சொன்னதே சரி என்பது என் கருத்து. உங்கள் பிராசசரின் டிடிபி (கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்ப அளவு) 105 வாட் என்று எழுதியிருந்தாலும், சாக்கெட் வழியாக அது 142 வாட் வரை இழுத்துக்கொள்ளத் தயாரிப்பாளரான ஏஎம்டி அனுமதித்திருக்கிறது. 37 டிகிரி அறையில் அந்த வெப்பத்தை ஒற்றை ஃபேன் உள்ள டவர் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதைவிட முக்கியமானது, நீங்கள் சொன்ன இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ரேம் உயரமாக இருப்பதால் டவரின் முன்பக்க ஃபேனைச் சற்று மேலே ஏற்றிக் கொக்கியில் மாட்ட நேரும். அப்படி ஏற்றினால் கூலரின் உயரம் பெட்டியில் எழுதியதைவிடக் கூடி, கேபினட்டின் பக்கத் தகடு மூடாது. லிக்விட் கூலரில் பிராசசர் மேல் உட்காருவது உள்ளங்கை அளவு பம்ப் மட்டும்தான். ரேமும் இடிக்காது, உயரமும் கேள்வி இல்லை. கணினியைப் பெங்களூரில் கோத்துப் பேருந்தில் கொண்டுவருவதாக இருந்தால், கனமான டவர் மதர்போர்டில் தொங்கிக்கொண்டு ஆடும் அபாயமும் இல்லை. நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற இரட்டை டவர் ஃபேன்களோடு சேர்த்து 1.3 கிலோவைத் தாண்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கிருஷ்ணகிரி கருங்கல்

ஓசூர் நண்பர் மோதலைச் சரியாகக் கண்டுபிடித்தார். தீர்வைத்தான் நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு முன் பழைய கூலரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எஸ்.பி. ரோட்டுக் கடையில் சொன்னது பாதி உண்மை, பாதி உண்மைதான் பணத்தைக் கெடுக்கும்.

ஏஎம்4, ஏஎம்5 இரண்டிலும் துளைகள் 54க்கு 90 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் ஏஎம்4இல் மதர்போர்டின் பின்னால் இருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, கூலரோடு வந்த தகட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஏஎம்5இல் அந்தப் பின்தகடு பிராசசரை அழுத்திப் பிடிக்கும் சாக்கெட் அமைப்போடு சேர்த்தே திருகப்பட்டிருப்பதால் அதைக் கழற்றக் கூடாது. எனவே மதர்போர்டின் சொந்தத் தகட்டிலேயே திருகு போடும் கூலர்கள் அப்படியே பொருந்தும்; தன் தகட்டைக் கொண்டுவரும் கூலர் பொருந்தாது, அந்நிறுவனம் தனியாக ஏஎம்5 கிட் தந்தால் ஒழிய. உங்களுடையது எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் நான் பட்ட பாடு. 2022இல் இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர் வாங்கியபோது, பழைய எல்ஜிஏ 1200 சாக்கெட்டின் கூலரையே போடலாம் என்று ஒரு கடையில் மாட்டிக் கொடுத்தார்கள். பழைய சாக்கெட்டில் துளை இடைவெளி 75 மி.மீ., புதிய எல்ஜிஏ 1700இல் 78 மி.மீ.; பிராசசரின் மேற்பரப்பும் பழையதைவிடச் சற்றுத் தாழ்வு. கால்களை வளைத்து எப்படியோ மாட்டிவிட்டார்கள். விளையாட்டைத் திறந்த சில நிமிடங்களில் 100 டிகிரியைத் தொட்டது. கழற்றிப் பார்த்தால் தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் பசை) ஒரு பக்கம் பூசியபடியே, கூலரைத் தொடாமல் கிடந்தது. மூன்று மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கூலர் உட்காருவதும் உட்காராததும் அதில்தான் இருக்கிறது.

இனி லிக்விட் கூலர். எங்கள் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளின் வெள்ளைத் தூசு ஜன்னலை மூடினாலும் வந்து படியும். டவர் கூலரின் ஃபேனைக் கழற்றித் தூரிகையால் தட்டினால் பத்து நிமிட வேலை. ரேடியேட்டரின் தகடுகள் நெருக்கமானவை. அதைச் சுத்தம் செய்யப் பெரும்பாலும் கேபினட்டிலிருந்தே இறக்க வேண்டும். டவரில் ஃபேன் கெட்டால் சில நூறு ரூபாயில் வேறு ஃபேன் கிடைக்கும். பம்ப் நின்றால் முழுக் கூலரும் வீண்.

ஓசூர் தளி ரோடு

தூசு எல்லாவற்றிலும்தான் படியும் நண்பரே, அதற்கு வடிகட்டி வலை இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக ஒரே 240 மி.மீ. கூலரைப் பயன்படுத்துகிறேன்; ஆண்டுக்கு இரண்டு முறை துடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. என் பிராசசரின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டியதே இல்லை.

கிருஷ்ணகிரி கருங்கல்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் அறையில் கோடையிலும் மாலையில் 28, 29 டிகிரி இருக்கலாம். எந்தக் கூலரும், அது காற்றானாலும் நீரானாலும், தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க முடியாது. காற்றுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைத்தான் குறைக்க முடியும். உங்கள் 70 பாலக்கோட்டு மாடிக்குப் போனால் ஏறக்குறைய 78, 79 ஆகிவிடும். இணையத்தில் காணும் சோதனைகள் பலவும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடத்தப்பட்டவை. அந்த எண்களோடு தம்பி தன் அறையின் வித்தியாசத்தைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

அரூர் வாசகி

இருவரும் கூலரைப் பற்றியே பேசுகிறீர்கள். பிராசசரைக் கேட்க மறந்துவிட்டீர்கள்.

142 வாட் என்பது எல்லாக் கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) முழு வேகத்தில் ஓடும்போது எட்டும் எல்லை. வீடியோ மாற்றும்போதும் சோதனை மென்பொருள் ஓட்டும்போதும் அங்கே போகும். விளையாட்டில் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டித்தான் இழுக்கும், ஏனென்றால் கிராஃபிக்ஸ் கார்டுக்காகப் பிராசசர் காத்திருக்கும் நேரம் அதிகம். மேலும் ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி என்பது ஆபத்தின் அடையாளம் அல்ல. அந்த அளவுவரை வேகத்தைக் கூட்டிப் பார்க்கும்படியே வடிவமைத்ததாக ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எட்டியதும் தானே வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். எனவே 95ஐப் பார்த்ததும் பதறிப் பெரிய கூலர் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. வெப்பம் பிறக்கும் சில்லு சுமார் 70 சதுர மி.மீ. மட்டுமே, விரல் நகத்தைவிடச் சிறிது. அதன்மேல் தடித்த உலோக மூடி இருக்கிறது, பழைய ஏஎம்4 கூலர்களின் உயரத்துக்கு ஒத்துப்போகட்டும் என்றே அப்படி வைத்தார்கள். அந்தச் சிறு பரப்பிலிருந்து மூடியைக் கடந்து வெப்பம் வெளியே வருவதே தாமதம் என்பதால், மேலே நீங்கள் எவ்வளவு பெரிய ரேடியேட்டரை வைத்தாலும் கிடைப்பது சில டிகிரிகள்தான்.

என் யோசனை: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 65 வாட் ஈகோ மோடை இயக்குங்கள். எல்லை 142இலிருந்து 88 வாட்டுக்கு இறங்கும். விளையாட்டில் வேக இழப்பைக் கண்ணால் காண்பது கடினம். 7600 என்ற எக்ஸ் இல்லாத மாடல் இதே 88 வாட் எல்லையில்தான் ஓடுகிறது, அதற்கு ஏஎம்டி பெட்டியிலேயே ஒரு சிறு கூலரைத் தருகிறது.

ஓசூர் தளி ரோடு

காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கட்டிப்போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா. குழாயில் இருக்கும் திரவம் திடீர் வெப்ப ஏற்றங்களைத் தாங்கிக்கொள்வதால் ஃபேன் அடிக்கடி இரைந்து அடங்குவதில்லை. இரவில் மாடியில் விளையாடுபவருக்கு அதுவும் ஒரு வசதிதானே?

அரூர் வாசகி

அந்த வசதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் திரவம் சூடாகி நிலைத்துவிடும்; அதன் பிறகு வெளியேற்றுவது ரேடியேட்டரின் வேலை மட்டுமே. இரைச்சலுக்கு பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதைச் சில விநாடிகள் தாமதப்படுத்தும் அமைப்பு பல மதர்போர்டுகளில் இருக்கிறது.

பென்னாகரம் ஆசிரியர்

இடையில் ஒரு சந்தேகம். என் மாணவன் ஒருவன் பழைய லிக்விட் கூலரில் திரவம் குறைந்துவிட்டது என்று கருதி ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றலாமா என்று கேட்கிறான். தடுப்பதா, விடுவதா?

கிருஷ்ணகிரி கருங்கல்

கட்டாயம் தடுங்கள், ஐயா. பெரும்பாலான கூலர்களில் பிராசசரைத் தொடும் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் இருந்தால் ஒன்று அரிக்கத் தொடங்கும். அதைத் தடுக்கும் கலவை ஆலையில் ஊற்றிய திரவத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்து நிலத்தடி நீர் உப்பும் ஃப்ளோரைடும் மிகுந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. மனிதர் குடிக்கவே தயங்கும் நீரை அந்த நுண்ணிய வழிகளில் விட்டால் படிவு அடைத்துவிடும்.

பாலக்கோடு மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. பழைய கூலரைப் பார்த்தேன்; அது தன் சொந்த இரும்புத் தகட்டோடு வந்ததுதான். நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு ஏஎம்5 கிட் இல்லை. எனவே அதை விட்டுவிட்டேன்.

இன்னொரு செய்தி. கேபினட்டைத் திறந்து அடிக்கோல் வைத்து அளந்தேன். கையேட்டில் சொன்ன 158 மி.மீ. சரிதான், ஆனால் பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒரு ஃபேன் பொருத்தியிருக்கிறேன், அதன் தடிமன் 25 மி.மீ. கூரையில் ரேடியேட்டருக்கான இடத்தையும் பார்த்தேன்: மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் இடையே 30 மி.மீ. கூட இல்லை.

கிருஷ்ணகிரி கருங்கல்

அளந்து பார்த்தீர்களே, அதுதான் தேவை. இந்த எண்களே பாதி விவாதத்தை முடித்துவிட்டன. ரேடியேட்டர் 27, ஃபேன் 25, ஆக 52 மி.மீ. வேண்டும்; கூரையில் இடமில்லை. முன்பக்கம் மட்டுமே வழி, அங்கே போட்டால் பிராசசரைக் குளிர்வித்த சூடான காற்று நேராகக் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் வீசும். அந்தக் கார்டு ஏற்கெனவே 115 வாட் வெப்பத்தை உள்ளே கொட்டுகிறது.

பக்க ஃபேன் இருக்கும்வரை உங்கள் உண்மையான எல்லை 133 மி.மீ. மட்டுமே. அதைக் கழற்றிப் பின்பக்கம் வெளியேற்றும் ஃபேனாக மாற்றுங்கள். முன்னால் உள்ளே இழுக்க இரண்டு இருக்கட்டும்.

ஓசூர் தளி ரோடு

முன்பக்க ரேடியேட்டர் கார்டைச் சில டிகிரி சூடாக்கும் என்பது உண்மை, ஆனால் கெடுக்காது. பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இருந்தாலும் இந்தக் கேபினட்டுக்கு லிக்விட் கூலரை இனி வற்புறுத்த மாட்டேன். புதிய கேபினட்டும் சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் என் கருத்து மாறாது.

டவர்தான் என்றால் ரேம் இடிக்குமா என்பதை விட்டுவிடாதீர்கள். பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற இரட்டை டவர் ஆறு ஹீட் பைப்பும் (வெப்பம் கடத்தும் குழாய்) இரண்டு ஃபேனும் கொண்டது, 155 மி.மீ. உயரம், உங்களுக்கு மிஞ்சுவது மூன்றே மில்லிமீட்டர். முன் ஃபேனை ரேமுக்காக ஏற்றினால் அந்த மூன்றும் போய்விடும்.

அரூர் வாசகி

அப்படியானால் ஒற்றை டவர் போதும். டீப்கூல் ஏஜி400 உயரம் 150 மி.மீ., நான்கு ஹீட் பைப், ஒரு ஃபேன். ஒல்லியான வகை என்பதால் பெரும்பாலும் ரேமின் மேல் வராது. இரண்டு ரேம்கள் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில்தான் போட வேண்டும். முதல் இடம் காலியாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். பெட்டியில் ஏஎம்5 என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். கடையில் பழைய இருப்பும் இருக்கலாம்.

ஓசூர் தளி ரோடு

முழுச் சுமையில் 37 டிகிரி அறையில் அது 95ஐத் தொடும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அரூர் வாசகி

தொடும். அதனால்தான் ஈகோ மோடு என்றேன். ஐப்பசியில் அறை குளிர்ந்ததும் அதை நீக்கிக்கொள்ளலாம். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

பாலக்கோடு மாடிவீடு

பக்க ஃபேனைக் கழற்றிப் பின்னால் மாட்டிவிட்டேன். 150 மி.மீ. ஒற்றை டவரையே வாங்கப்போகிறேன். முதல் வாரம் ஈகோ மோடு இல்லாமலும் அடுத்த வாரம் அதை இயக்கியும் ஒரே விளையாட்டை ஒரே நேரத்தில், மாலை ஐந்து மணிக்கு ஓட்டி, அறை வெப்பத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெங்களூரிலிருந்து கொண்டுவரும்போது கூலரைத் தனிப் பெட்டியில் கொண்டுவந்து வீட்டில்தான் மாட்டுவேன்.

கிருஷ்ணகிரி கருங்கல்

நல்லது தம்பி. மாட்டும்போது எதிரெதிர் மூலைத் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு கணினியை வேறு வீட்டுக்கு மாற்ற நேர்ந்தால் மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி கேபினட்டைப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். அப்போது கூலரின் எடை பலகையை இழுக்காது.