ஐந்தில் ஒரு படி, பத்தில் ஒரு படி: மறக்க முடியாத அனுபவங்கள்

ஐந்து, பத்து என்று மாறி மாறிப் படியேறும் எண்முறையில் உங்களால் மறக்க முடியாத அனுபவம் எது?

விரல்மணி:
சொரோபான் என்ற ஜப்பானிய மணிச்சட்டத்தில் 8-உடன் 6 கூட்டும் கணக்கு. 5 மதிப்புள்ள மேல்மணி, கீழே 1 மதிப்புள்ள மூன்று மணிகள். அந்தக் கம்பியில் 6-க்கு இடமில்லை. அடுத்த கம்பியில் 1 ஏற்றி, இங்கே 4 கழிக்க வேண்டும். கீழே இருப்பதோ மூன்று! என் மகளின் விரல் அப்படியே நின்றது. யாரும் சொல்லித் தராமலேயே மேல்மணியை விலக்கிக் கீழே ஒரு மணியை ஏற்றினாள். 14. ஒரே கூட்டலில் பத்துக்கான நிரப்பியும் (6-ஐப் பத்தாக்கும் 4) ஐந்துக்கான நிரப்பியும் (4-ஐ ஐந்தாக்கும் 1). அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்னும் யோசிக்கிறேன்.

பழங்கணினி:
எனக்கு ஐபிஎம் 650 என்ற பழைய கணினி. அருங்காட்சியகத்தில் பார்த்தேன், ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனாலும் நகர முடியவில்லை. ஓர் இலக்கத்துக்கு ஏழு விளக்குகள்: 0, 5 என்று இரண்டு, 0 முதல் 4 வரை ஐந்து. 5-உம் 2-உம் எரிந்தால் 7. ஒரு குழுவில் இரண்டு எரிந்தாலோ, ஒன்றுமே எரியாவிட்டாலோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். 1950-களில் ஐந்தடிமானத்தில், அதாவது ஐந்தை அடியாகக் கொண்ட எண்முறையில், ஓடிய கணினி!

கணக்குப்பித்தன்:
பழங்கணினி, அது ஐந்தடிமானம் அல்ல. ஐந்தடிமானத்தில் 5-க்கு அடுத்த படி 25. இங்கே படிகள் 1, 5, 10, 50, 100 என்று போகின்றன. ஐந்தும் இரண்டும் மாறி மாறிப் பெருகுகின்றன. ரோமானிய எண்களிலும் இதே ஏணிதான். நான் சீன மணிச்சட்டமான சுவான்பானில் பழகியவன். மேலே இரண்டு, கீழே ஐந்து மணி இருப்பதால் 10-ஐ ஒரே கம்பியில் இரண்டு விதமாக வைக்கலாம். முதன்முதலில் அதைக் கண்டபோது அதிர்ந்துபோனேன்.

விரல்மணிக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நிரப்பிகளையும் ஒன்றாகப் பழக்காதீர்கள். முதலில் ஐந்துக்கானவை: 1-க்கு 4, 2-க்கு 3. நான்குடன் மூன்றைக் கூட்டும்போது 5 இறக்கி 2 விலக்குவது யோசிக்காமல் வர வேண்டும். அதன் பிறகு பத்துக்கானவை. இரண்டும் கலக்கும் கணக்குகளைக் கடைசியில் கொடுங்கள். 5 முதல் 8 வரையுள்ள எண்ணுடன் 6 கூட்டுவது அப்படிப்பட்ட கணக்கு. வேகம் பார்க்கவே வேண்டாம்.

விரல்மணி:
அவள் வேகத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, ஐயா.

கெமர் கற்பவன்:
மணியும் விளக்கும் இல்லாமல், வாயாலேயே இப்படி எண்ணுகிறார்கள். கம்போடியாவின் கெமர் மொழியில் 5 ப்ராம், 6 ப்ராம் மூய், அதாவது ஐந்து ஒன்று. 9 வரை இப்படியே போய், பத்துக்குத் தனிச்சொல். எண்களைக் கேட்டு எழுதும் பயிற்சியில் "ப்ராம்" என்றதும் பேனா நின்றுவிடும்: ஐந்தோடு முடிந்ததா, இன்னும் வருமா? எழுத்தில் அந்தச் சிக்கலே இல்லை. கெமர் இலக்கங்கள் 0 முதல் 9 வரை பத்தும் தனித்தனி வடிவங்கள்.