பிரஷ் கட்டர் என்ஜினை மாடல் விமானத்தில் மாட்டலாமா?

பனங்காடு:
பழைய இரும்புக் கடையில் ஒரு பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் கருவி) என்ஜின் கிடைத்தது. ஸ்டிக்கர் எல்லாம் உரிந்துபோய்விட்டது, அடியில் 1இ40எஃப்-5 என்று மட்டும் இருக்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. இது எத்தனை சிசி? 80 அங்குல இறக்கை உள்ள ட்ரெய்னரை (ஓட்டிப் பழகும் மாடல் விமானம்) தூக்குமா? இதுவரை எலெக்ட்ரிக் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன்.

லேத்துக்காரன்:
அந்த எழுத்திலேயே பாதி விடை இருக்கிறது. 1 என்றால் ஒரு சிலிண்டர், இ என்றால் டூ ஸ்ட்ரோக், 40 என்பது மில்லிமீட்டரில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), எஃப் என்றால் காற்றால் குளிர்வது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 34 மி.மீ., கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் 42.7 சிசி வரும், கடையில் 43 என்று சொல்லி விற்பார்கள். இதே வரிசையில் 44எஃப் என்றால் 52 சிசி. ஆனால் செகண்ட் ஹேண்ட் சாமானில் யாராவது சிலிண்டரை மாற்றியிருக்கலாம், அதனால் கழற்றி வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

தூக்குமா என்றால், தூக்கும். ஆனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். இந்த வகைக்குப் போட்டிருக்கும் கணக்கு 6500 ஆர்பிஎம்மில் 1.25 கிலோவாட், அதாவது 1.7 குதிரைத்திறன். மாடலுக்கென்றே செய்த டிஎல்இ-30 என்ஜின் வெறும் 910 கிராம்தான், அதற்கு 3.7 குதிரைத்திறன் என்கிறார்கள். உங்களுடையதைக் கிளட்ச், ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் மூடி எல்லாம் கழற்றிவிட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள், அப்புறம் விமானத்தை முடிவு செய்யலாம்.

முக்கியமான விஷயம் ஹப், அதாவது புரொப்பை (முன்னால் சுழலும் விசிறி) என்ஜினோடு இணைக்கும் பாகம். கிளட்ச் ஷூவைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டிலேயே புரொப்பை மாட்டுவதாக வீடியோக்கள் சுற்றுகின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிராங்க் மரையில் ஏறி ஃப்ளைவீலையும் (காந்தம் பதித்த கனமான சக்கரம்) சேர்த்து இறுக்குகிற மாதிரி ஒரு ஹப் கடைந்து வாங்குங்கள். மாட்டியதும் டயல் கேஜ் வைத்து ஹப்பின் முகம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கருடன்43:
ஹப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் ஃப்ளைவீலை ஏன் வைத்துக்கொண்டு அழ வேண்டும்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சிடிஐ (பேட்டரியில் இயங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன்) போடுங்கள். ஹப்பில் ஒரு சின்ன காந்தம், எதிரில் அதை உணரும் ஹால் சென்சார், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். எடை கணிசமாகக் குறையும், புரொப்பைக் கையால் தட்டினாலே ஸ்டார்ட் ஆகும், வேகத்துக்கு ஏற்பப் பொறி விழும் டைமிங்கும் தானே மாறும். ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் பிளக் போடுங்கள், இக்னிஷன் பேட்டரி ரிசீவர் பேட்டரியோடு சேரக்கூடாது. இக்னிஷனை அணைக்கத் தனியாக ஒரு கில் ஸ்விட்ச் கட்டாயம்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால் சாதாரண புரொப் போதும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் சுற்றும் புஷர் புரொப் தேட வேண்டும்.

கார்புரேட்டரை வேறு திசையில் திருப்பி வைக்க அடாப்டர் செய்தால், கிராங்க் கேஸிலிருந்து வரும் சின்னப் பல்ஸ் துளையை அடைத்துவிடாதீர்கள். அந்த அழுத்த ஏற்ற இறக்கத்தில்தான் டயாஃப்ரம் பம்ப் பெட்ரோலை இழுக்கிறது. துளை அடைபட்டால் ஸ்டார்ட் ஆகி நாலு வினாடியில் நின்றுவிடும், பிளக்கை மாற்றி மாற்றித் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

லேத்துக்காரன்:
சிடிஐ நல்லதுதான், ஆனால் அந்தக் காசைச் சேர்த்தால் மாடல் என்ஜினே பாதி வாங்கிவிடலாமே? முதல் என்ஜினுக்கு ஃப்ளைவீல் காந்தத்தாலேயே பொறி தரும் மேக்னெட்டோ போதும் என்பதுதான் என் கருத்து. ஃப்ளைவீலில் ஃபேன் இதழ்களைச் சீவினால் மறக்காமல் பேலன்ஸ் செய்யுங்கள்.

பனங்காடு:
அப்படியானால் முதலில் மேக்னெட்டோவிலேயே பெஞ்சில் ஓட்டிப் பார்க்கிறேன். புரொப், ஆயில் எவ்வளவு?

கருடன்43:
20×8 (விட்டம் 20, பிட்ச் 8 அங்குலம்) மரப் புரொப்பில் ஆரம்பியுங்கள். பெட்ரோலில் நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் 32:1, லிட்டருக்கு 31 மில்லி. சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊதிவிடும், பெட்ரோல் தாங்கும் டைகான் குழாய் வாங்குங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதனால் ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பெஞ்சில் ஓட்டும்போது புரொப்பின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, நீடிலையும் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் திருகு) பின்னால் நின்றுதான் திருப்ப வேண்டும்.